இரைச்சல் மைக்கிலிருந்தா, அறையிலிருந்தா? அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

போன வருடம் ஒரு கதை வாசிப்பைப் பதிவு செய்ய உட்கார்ந்தபோது பின்னணியில் ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. மைக்தான் சரியில்லை என்று நானே தீர்ப்பு சொல்லிவிட்டு, மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் (மைக்கைக் கணினியோடு இணைக்கிற பெட்டி) நடுவில் மாட்டுகிற, சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் ஒன்றை வாங்கி மாட்டினேன். சத்தம் அப்படியே இருந்தது. கடைசியில் பார்த்தால் பக்கத்து அறை ஏசியின் காற்று, கதவுக்கு அடியில் இருந்த அரை அங்குல இடைவெளி வழியாக வந்துகொண்டிருக்கிறது. பழைய துண்டு ஒன்றைச் சுருட்டிக் கதவடியில் வைத்ததும் பெரும்பகுதி அடங்கிவிட்டது. பூஸ்டர் இன்னும் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன்னால், மென்பொருளில் இரைச்சல் நீக்கும் பொத்தானைத் தொடுவதற்கும் முன்னால், சத்தம் பிறக்கிற இடத்தைக் கண்டுபிடியுங்கள். கருவிக்குள் பிறக்கிற இரைச்சலுக்கு அறை என்று ஒன்று இருப்பதே தெரியாது. கதவைச் சாத்தினாலும் மைக்கைப் போர்த்தினாலும் அது பாட்டுக்கு இருக்கும். அறையில் பிறக்கிற இரைச்சலுக்கு ஒயர், பிளக், சார்ஜர் எதுவும் தெரியாது. கீழே வருகிற சோதனைகள் எல்லாம் இதைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கின்றன. சில இடங்களில் பதில் ஏமாற்றும், அந்த இடங்களையும் சொல்கிறேன்.

சத்தம் ஃபைலில் இருக்கிறதா, முதலில் அதைப் பாருங்கள்

சிரிக்காதீர்கள். பதிவில் இல்லாத இரைச்சலைத் தேடி ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கியவர்கள் உண்டு. ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரே இரையலாம், ஸ்பீக்கரின் மின் இணைப்பே உறுமலாம். பதிவு செய்த ஃபைலை வேறொரு போனில், வேறொரு ஹெட்போனில் போட்டுக் கேளுங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் மைக்கையும் அறையையும் விட்டுவிட்டுக் கேட்கிற கருவியைப் பாருங்கள். வேலை முடிந்தது.

மூன்று பதிவு, ஒவ்வொன்றும் 30 நொடி

கெயின் குமிழை (மைக் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்று வைக்கும் குமிழ்) வழக்கமாகப் பேசும்போது எங்கே வைப்பீர்களோ அங்கே வைத்து, அதன் பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். இனி அதைத் தொடக் கூடாது. தொட்டால் மூன்று பதிவையும் ஒப்பிட முடியாது.

முதல் பதிவு: எல்லாம் வழக்கம் போல, நீங்கள் மட்டும் பேசாமல். இரண்டாவது: அதே மைக்கைத் தடித்த போர்வையில் இரண்டு மூன்று சுற்று சுற்றி, முடிந்தால் துணி அடுக்கிய பீரோவுக்குள் வைத்து. மூன்றாவது: மைக்கே இல்லாமல்.

மூன்றாவதில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். மைக்கைப் பிடுங்கிவிட்டு, ஒன்றும் செருகாமல் அப்படியே பதிவு செய்தால் அந்தத் திறந்த வாய், மைக் மாட்டியிருக்கும்போது இல்லாத இரைச்சலையும் காட்டும், ஊரில் இருக்கிற உறுமலையும் இழுக்கும். இல்லாத குற்றத்தைக் கருவி மேல் போடுவீர்கள். மைக் இருப்பதாக இன்டர்ஃபேஸை நம்பவைக்க வேண்டும். மைக் ஒயரில் இருக்கிற மூன்று பின் பிளக், அதாவது எக்ஸ்எல்ஆர் பிளக் ஒன்றைத் திறந்து 2 ஆம் பின்னுக்கும் 3 ஆம் பின்னுக்கும் நடுவில் 150 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்து மூடுங்கள். ரெசிஸ்டர் சில்லறைக் காசுதான், எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். கண்டென்சர் மைக்காக (இன்டர்ஃபேஸ் அனுப்பும் 48 வோல்ட்டில் ஓடும் வகை) இருந்தால் அந்த 48 வோல்ட்டை அணைத்துச் சில நொடி பொறுத்து, ஹெட்போன் வால்யூமையும் குறைத்துவிட்டுக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் காதில் ‘டமார்’ என்று அறையும்.

இப்போது மூன்றின் அளவையும் பதிவு மென்பொருளின் மீட்டரில் பாருங்கள். மூன்றாவது முதலாவதைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கீழே இருந்தால் இன்டர்ஃபேஸ் நிரபராதி. மொத்த இரைச்சலில் அதன் பங்கு அரை டெசிபல்கூட வராது. மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் இன்டர்ஃபேஸ், ஒயர், மின்சாரம், இவற்றில் ஒன்று. முதலாவதும் இரண்டாவதும் ஒரே அளவாக இருந்து மூன்றாவது மட்டும் கீழே இறங்கினால் மைக்கின் சொந்த இரைச்சலைச் சந்தேகியுங்கள். இரண்டாவது முதலாவதைவிட நன்றாக இறங்கினால் அது அறைச் சத்தம். ஒரு எச்சரிக்கை: போர்வை மேல் ஸ்தாயியைத்தான் நன்றாக அடக்கும். அடி உறுமலுக்கு ஒரு போர்வை எம்மாத்திரம்.

யூஎஸ்பி மைக்கும் போனும் வைத்திருப்பவர்களால் மூன்றாவது பதிவைச் செய்ய முடியாது. அவர்களுக்கு நான் சொல்வது, ராத்திரி பத்து மணிக்கு மேல் நிறுத்தி வைத்த காருக்குள், இன்ஜின் அணைத்து, கண்ணாடி ஏற்றி, லேப்டாப்பை பேட்டரியில் ஓடவிட்டு ஒரு பதிவு. வீட்டுப் பதிவில் இருந்த சத்தம் அங்கே இல்லாவிட்டால் அது வீட்டோடு சேர்ந்தது, அறையோ மின் இணைப்போ.

ஸ்ஸ்ஸ் என்று ஒரே சீராக

இதற்கு இணையத்தில் வழக்கமாகச் சொல்லும் யோசனை, கெயினைக் கூட்டிப் பார், சத்தம் கூடினால் கருவி என்பது. தவறு. கெயினைக் கூட்டினால் அறைச் சத்தமும் கூடும், ஆம்ப்ளிஃபயர் இரைச்சலும் கூடும், இரண்டையும் இது பிரிக்காது. ஆனால் கெயினை முழுக்கக் குறைத்தும் இரைச்சல் கொஞ்சமும் அசையவில்லை என்றால் அது ஒரு நல்ல துப்பு: கெயினுக்குப் பிறகு, அதாவது இன்டர்ஃபேஸின் உள்ளே அல்லது யூஎஸ்பி பக்கம் எங்கோ நுழைகிறது.

காதைவிடப் படம் நன்றாகச் சொல்லும். ஆடாசிட்டி என்ற இலவசப் பதிவு மென்பொருளில் அந்த 30 நொடியைத் தேர்ந்து, எந்த ஸ்தாயியில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் படத்தை வரையச் சொல்லுங்கள். மின்சுற்றின் இரைச்சல் மேல் ஸ்தாயி வரைக்கும் ஏறத்தாழ தட்டையாகப் போகும். அறையின் சத்தம், ஏசிக் காற்றோ தூரத்துச் சாலையோ, இடது பக்கம் (கீழ் ஸ்தாயி) உயர்ந்து வலது பக்கம் மலைச்சரிவு போல இறங்கும். கேட்கும்போதும் அந்த வித்தியாசம் உண்டு, முதலாவது கேஸ் கசிவது மாதிரி, இரண்டாவது தூரத்து மழை மாதிரி.

முன்பக்கச் சத்தத்தை அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு வகை மைக் என்றால் இன்னொன்றும் செய்யலாம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கை மெதுவாக ஒரு சுற்று திருப்புங்கள். அதன் முதுகுப் பக்கம் காது மந்தம் என்பதால் ஏசியோ ஜன்னலோ முதுகுக்குப் பின்னால் வரும்போது சத்தம் குறையும். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி என்றால் கருவி மேல் சந்தேகம் பலப்படும். பலப்படும் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் வெறும் சுவரும் டைல்ஸுமாக இருக்கிற அறையில் சத்தம் நாலா பக்கமும் தெறித்துத் திசையே இல்லாமல் போய்விடும்.

கருவிதான் என்று உறுதியானால் காரணம் பெரும்பாலும் மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் பொருத்தம் இல்லாததுதான். ஷூர் எஸ்எம்7பி மாதிரி, கம்பிச் சுருள் வைத்த டைனமிக் மைக்குகளின் வெளியீடு மிகக் குறைவு, பேச்சுக்கு 60 டெசிபல் அளவுக்குக் கெயின் கேட்கும். விலை குறைந்த இன்டர்ஃபேஸ்கள் பலவற்றில் குமிழின் கடைசிச் சுற்றில் இரைச்சல் திடீரென்று எகிறும். பூஸ்டருக்கு நியாயமான இடம் இதுதான். என் வீட்டு ஏசி அல்ல. காலர் மைக்குகளின் குட்டித் தகட்டுக்கு இயல்பிலேயே இரைச்சல் கூடுதல், அதை மாற்ற முடியாது, வாய்க்கு அருகே கொண்டுவரத்தான் முடியும். மைக்குக்கும் வாய்க்கும் 40 செ.மீ. இருப்பதை 20 ஆக்கினால் குரல் 6 டெசிபல் கூடும், அந்த அளவுக்குக் கெயினைக் குறைக்கலாம், கருவி இரைச்சலும் அறை இரைச்சலும் சேர்ந்தே இறங்கும். நோயைக் கண்டுபிடிக்க இது உதவாது. ஆனால் காசில்லாத மருந்து.

ம்ம்ம் என்ற உறுமல்

அதிகம் குழப்புவது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒயர் வழியாக நுழையும் உறுமலில் 50, 100, 150 என்று அதன் மடங்குகள் சீப்புப் பல் மாதிரி வரிசையாக நிற்கும். சின்ன இயர்போன்கள் பலவற்றில் 50 சரியாகக் கேட்காது, நீங்கள் கேட்பதில் பெரும்பகுதி மேலே இருக்கிற பற்கள்தான். ஆனால் அறைக்குள் காற்றில் வருகிற உறுமலும் அதே மின்சாரத்தில்தான் பிறக்கிறது, அதனால் எண்ணைப் பார்த்ததும் முடிவு கட்டிவிட முடியாது. பழைய டியூப்லைட் சோக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை அதிர்வதால் காற்றில் 100 ஹெர்ட்ஸ்தான் ஓங்கி நிற்கும். சாதாரண ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் இன்னும் நன்றாக மாட்டிக்கொள்ளும். அந்த மோட்டார் மின்சாரத்தின் வேகத்துக்குச் சற்றுப் பின்தங்கித்தான் சுழலும், நிமிடத்துக்கு 2900 சுற்று அளவில், அதாவது 48 ஹெர்ட்ஸை ஒட்டி. மின்கட்டத்தின் அலைவெண்ணோ 50ஐவிட்டு அதிகம் நகராது, 49.90 முதல் 50.05 வரைக்குள் வைத்திருப்பதுதான் இந்தியாவில் விதி. ஆடாசிட்டியின் ஸ்பெக்ட்ரத்தில் அளவை (Size) 65536 ஆக வைத்தால் ஒரு ஹெர்ட்ஸுக்குக் குறைவான வித்தியாசமே தெரியும். முகடு சரியாக 50இல் நின்றால் ஒயரைத் தேடுங்கள், 48இல் நின்றால் சமையலறைக்குப் போங்கள். இன்வெர்ட்டர் வகை ஃபிரிட்ஜுக்கு இது பொருந்தாது, அது வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்கும்.

அடுத்து நடந்து பாருங்கள். ஹெட்போனோடு மைக்கைக் கையில் பிடித்துச் சுவர் ஓரத்திலிருந்து அறையின் நடுவுக்கு வாருங்கள். 11 அடி நீள அறையில் 50 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி இரண்டு சுவருக்கும் நடுவே நிலைகொண்டுவிடும். சுவர் ஓரத்தில் பலமாகவும் நடுவில் மெலிந்தும் கேட்கும். இப்படி இடத்துக்கு இடம் ஏறி இறங்கினால் அது காற்றில் வருவது.

இங்கேதான் அந்த ஏமாற்று. டைனமிக் மைக்குக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அடாப்டருக்கோ டிரான்ஸ்ஃபார்மருக்கோ பக்கத்தில் வந்தால் அந்தச் சுருள் காந்தப் புலத்தை நேரடியாக உறுமலாக மாற்றிவிடும், மைக்கைத் திருப்பினாலும் அது மாறும், நகர்த்தினாலும் மாறும், அறைச் சத்தம் மாதிரியே நடிக்கும். பிடிக்க ஒரு வழி உண்டு. சந்தேகப்படும் பெட்டியிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள், அப்புறம் இரண்டு சாண். தூரம் இரட்டித்தால் காந்தப் புலம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும், இப்படிக் கொஞ்சம் தள்ளியதுமே உறுமல் மாயமானால் அது காந்தம். காற்றில் வரும் ஒலி அவ்வளவு சீக்கிரம் விடாது.

கருவிப் பக்கம் என்றால் இந்த வரிசையில் போங்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். உறுமல் உடனே நின்றால் சார்ஜரும் எர்த்தும்தான் காரணம். பேட்டரியில் பதிவு செய்யுங்கள், அல்லது லேப்டாப், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில், எர்த் உள்ள மூன்று பின் பாயிண்டில் மாட்டுங்கள். அடுத்து மைக்கின் உலோக உடம்பைத் தொடுங்கள். தொட்டதும் உறுமல் குறைந்தாலோ கூடினாலோ ஒயரின் கவசம் எங்கோ விட்டுப்போயிருக்கிறது, முதலில் ஒயரை மாற்றுங்கள். அப்புறம் மைக் ஒயர் மின் ஒயரோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிறதா பாருங்கள், இரண்டும் சந்தித்தே ஆக வேண்டும் என்றால் குறுக்காகச் சந்திக்கட்டும்.

ஒன்றைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. உறுமலைப் போக்க எர்த் பின்னை உடைத்துவிடு, இரண்டு பின் கன்வெர்ட்டர் போடு என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள். உறுமல் நிற்கலாம், ஆனால் அந்தக் கம்பி உங்கள் உயிருக்காக இருக்கிறது, ஒலிக்காக அல்ல. பழைய வீடுகளில் பாயிண்டில் மூன்று ஓட்டை இருக்கும், பின்னால் எர்த் கம்பியே இருக்காது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஃபேன் ஓடும்போது மட்டும்

மே மாதத்தில் ஃபேனை நிறுத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் சோதனைக்கு ஒரு நிமிடம் நிறுத்துங்கள். மூன்று விதமான சத்தம் இதில் கலந்திருக்கிறது. காற்று நேராக மைக்கில் அடிப்பது படபட என்று ஒழுங்கில்லாமல் இருக்கும், பஞ்சு உறை போட்டால் குறையும். இறக்கைகளின் துடிப்பு ஒழுங்காக இருக்கும், நிமிடத்துக்கு 350 சுற்று, மூன்று இறக்கை என்றால் நொடிக்கு 17 அல்லது 18. மூன்றாவது ரெகுலேட்டர். வேகத்தை நடுவில் வைக்கும்போது கொர்ர் என்று வந்து, முழு வேகத்தில் காற்றிரைச்சல் கூடினாலும் அந்தக் கொர்ர் மட்டும் காணாமல் போனால் குற்றவாளி எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்தான். அது மோட்டாரை அதிரவைத்துக் காற்று வழியாகவும் வரும், மின் இணைப்பைக் கெடுத்து ஒயர் வழியாகவும் வரும். அந்த 150 ஓம் பிளக்கைப் போட்டு ரெகுலேட்டரைத் திருகிப் பாருங்கள், அப்போதும் கேட்டால் ஒயர் வழி. கரண்ட் போய் வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் உறுமல் முரட்டுத்தனமாக மாறுகிறதா? சதுர அலை இன்வெர்ட்டராக இருக்கும், 150, 250, 350 என்று ஒற்றைப்படை மடங்குகள் உயர்ந்து நிற்கும். கரண்ட் வரும்வரை காத்திருப்பதைத் தவிர மலிவான வழி இல்லை.

ஈஈஈ என்று கூர்மையாக

யூஎஸ்பி தகவல் நொடிக்கு 1000 பொட்டலமாகவும், வேக வகையில் 8000 ஆகவும் போவதால் 1000 ஹெர்ட்ஸிலோ 8000 ஹெர்ட்ஸிலோ ஒரு ஊசி மாதிரி முகடு தெரிந்தால் அது யூஎஸ்பியின் மின் இணைப்பு வழியாக நுழைவது. வேறு போர்ட், தனி மின்சாரம் உள்ள ஹப், குட்டையான கேபிள் என்று மாற்றிப் பாருங்கள். மவுஸை அசைத்தால் சத்தம் மாறுகிறது என்பதை வைத்து மட்டும் மின்சுற்று என்று முடிவு செய்யாதீர்கள், லேப்டாப்புக்குள் இருக்கும் சுருள்களே காற்றில் கீச்சிடுவது உண்டு. லேப்டாப் மேல் ஒரு நிமிடம் தலையணையை வையுங்கள், கீச்சு குறைந்தால் அது காற்றில் வருவது. ஒரு நிமிடம்தான், சூடாகிவிடும்.

டிக்கு டிக்கு டிக்கு பிர்ர்ர்

போன். 2ஜி சிக்னல் நொடிக்கு 217 முறை விட்டுவிட்டுத் துடிப்பதை ஒயர் ஆன்டெனா மாதிரி பிடித்துக்கொள்கிறது. போனை ஃபிளைட் மோடில் போடுங்கள், அல்லது வேறு அறையில் வையுங்கள்.

டக், டிக் என்று அவ்வப்போது

அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அறையில் பிறந்த சத்தத்துக்கு வால் உண்டு: பல்லி கத்தினாலும் நாற்காலி நெரிந்தாலும், முதல் அடிக்குப் பின்னால் சுவரில் பட்டுத் திரும்பியது சின்னச் சின்ன அலையாகத் தேயும். கணினி தடுமாறி வந்த டிக்குக்கு வால் இருக்காது, கோடு கத்தியால் வெட்டிய மாதிரி சடாரென்று உடைந்திருக்கும். அப்படியானால் மென்பொருளின் அமைப்பில் பஃபர் (கணினி ஒலியைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் இடம்) அளவைக் கூட்டுங்கள்; சாம்பிள் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது, இன்டர்ஃபேஸில் 48,000 ஆகவும் மென்பொருளில் 44,100 ஆகவும் இருக்கிறதா என்றும் பாருங்கள், சீரான இடைவெளியில் டிக் விழ இது ஒரு வழக்கமான காரணம். ஃபிரிட்ஜ் நிற்கிற நொடியில் விழும் டிக் பெரும்பாலும் மின்சாரம் வழியாக வருவது.

பேச்சு நின்றதும் இரைச்சல் மேலே எழும்புகிறது

பேசும்போது காணாமல் போய், வாக்கியம் முடிந்ததும் இரைச்சல் மெல்ல மூச்சு விடுகிற மாதிரி எழுந்தால் இரைச்சலை விடுங்கள், போனோ வீடியோ செயலியோ கெயினைத் தானாகவே ஏற்றி இறக்குகிறது. தானியங்கி வசதிகளை எல்லாம் அணைத்துவிட்டுப் பதிவு செய்து, பிறகு மேலே சொன்ன சோதனைகளை முதலிலிருந்து தொடங்குங்கள். அதற்கு முன்னால் செய்ததெல்லாம் செல்லாது.

பொரிகிற சத்தம், அதுவும் மழைக்காலத்தில்

கண்டென்சர் மைக்கின் தகட்டில் ஈரம் படிந்தால் எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி வரும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். மூடுகிற டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு ஓர் இரவு வையுங்கள். காய்ந்த பிறகும் பொரிந்தால் ஒயரின் இரு முனைகளையும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டும்போது மட்டும் வந்தால் பற்றவைப்பு விட்டிருக்கிறது.

அடியிலிருந்து தும் தும்

மைக் ஸ்டாண்டைத் தரையிலிருந்து தூக்கிப் பிடியுங்கள். நின்றுவிட்டால் தரை வழியாக வரும் அதிர்வு: மேல் வீட்டு அம்மி, தண்ணீர் மோட்டார், உங்கள் சொந்தக் கால். ஸ்டாண்டுக்கு அடியில் மடித்த ஜமுக்காளம் போதும். கிணற்றுக்குள் பேசுவது மாதிரி குரல் ஒலிப்பது வேறு விஷயம், அது இரைச்சலே இல்லை, எதிரொலி. இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்கு அது பிடிபடாது.

எதை மாற்றினாலும் பெரிதாகக் குறையவில்லை

இது மனதை உடைக்கிற கட்டம், ஆனால் காரணம் எளிது. கருவி இரைச்சலும் அறை இரைச்சலும் சம அளவில் இருந்தால், ஒன்றை முழுக்க ஒழித்தாலும் மொத்தம் 3 டெசிபல்தான் இறங்கும், காதுக்கு அது லேசாகத்தான் தெரியும். ஒரு மாற்றம் செய்து, வித்தியாசம் இல்லை என்று அதைத் திருப்பிப் போட்டுவிட்டு, அடுத்ததைச் செய்து, அதையும் திருப்பிப் போட்டால் கடைசி வரை ஒன்றும் குறையாது. ஒவ்வொரு மாற்றத்தையும் தனியாகச் சோதித்து மீட்டர் எண்ணை ஒரு தாளில் எழுதுங்கள், ஒரு டெசிபல் குறைந்தாலும் அந்த மாற்றத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

என் தாளில் துண்டு, சார்ஜர், ஃபிரிட்ஜ், சுவர்க் கடிகாரம் என்று நாலு வரி இருக்கிறது. ஐந்தாவது வரி காலை ஐந்தரை மணிக்குப் பக்கத்து வீட்டில் போடுகிற மோட்டார், அதன் எதிரே எழுதியிருப்பது ‘ஆறு மணிக்கு மேல் பதிவு செய்’.